வாத்தியாருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?



2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ந் தேதி சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் நடந்த சம்பவம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தன்னம்பிக்கைச் சொற்பொழிவு என்ற பெயரில் மகாவிஷ்ணு என்ற ஆன்மீகப் பிரசங்கியை அங்கே பேச வைத்தார்கள். கையில்லாமல், காலில்லாமல், கண்ணில்லாமல் பிறக்கிறார்களே, ஒருவன் பணக்காரனாகவும் ஒருவன் ஏழையாகவும் பிறக்கிறானே, இதெல்லாம் ஏன்? போன ஜென்மத்தில் செய்ததன் பலன்! இதுதான் அவர் அந்தக் குழந்தைகளுக்குச் சொன்ன தன்னம்பிக்கை.

அப்போது ஓர் ஆசிரியர் எழுந்து ஆட்சேபித்தார். அவர் பெயர் சங்கர், தமிழாசிரியர், பார்வையற்றவர். பள்ளிக்கூடத்தில் வந்து பாவ புண்ணியமும் மறுபிறவியும் எப்படிப் பேசலாம் என்று கேட்டார். பிரசங்கி அவரிடமே மல்லுக்கு நின்றார், பிள்ளைகள் பார்க்கப் பார்க்க. பிறகு அந்தப் படம் நாடெங்கும் கைபேசிகளில் ஓடியது. அன்றைய பள்ளிக்கல்வித்துறை அமைச்சர் பள்ளிக்கே சென்று ஆசிரியரைப் பாராட்டினார். மாற்றுத்திறனாளிகள் கொடுத்த புகாரின்மேல், செப்டம்பர் 7-ந் தேதி விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிரசங்கியைப் போலீஸ் கைது செய்தது.

பிரசங்கியைப் பற்றி அப்போதே எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. அன்று எழுந்தவர், அந்தச் சொல்லின் சூடு தன் உடம்பில் பட்ட மனிதர். கண் உள்ள ஆசிரியர் ஒருவர் அந்த இடத்தில் எழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "அப்படிப் பேசக் கூடாது" என்று சொல்லியிருக்கலாம். சரி, எப்படிப் பேச வேண்டும்? ஒரு பிள்ளை ஏன் கண் தெரியாமல் பிறக்கிறது, ஏன் ஒரு பிள்ளைக்குக் கால் நடக்க வரவில்லை, அந்தப் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகள் எப்படிப் பழக வேண்டும் என்று வகுப்பில் நின்று சொல்வதற்கு நம் ஆசிரியர்களை யாராவது தயார் செய்திருக்கிறார்களா?

இந்தக் கேள்வி பட்டணத்துக் கேள்வி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகள்தான் சர்க்கார் பள்ளியில் படிக்கிறார்கள். வயலிலும் ஆலையிலும் கைகால் போவதும் நமக்குத்தான்.

பழைய பாட்டு

"வினைப் பயன்" என்ற இந்தப் பாட்டு தஞ்சை ஜில்லாவுக்குப் புதிதா? நம் பாட்டனும் பூட்டனும் தாலாட்டோடு சேர்த்துக் கேட்ட பாட்டு அல்லவா! முதுகில் சவுக்கடி; வாயில் சாணிப்பால்; கேட்டால், "போன ஜென்மத்துக் கணக்கடா, இந்த ஜென்மத்தில் உழைத்துத் தீர்" என்றார்கள் மிராசுதார்கள். 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் வரப்பு வழியாக நடந்து வந்து சேரி சேரியாகச் சங்கம் வைத்தார். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளின் வினை தீர்ந்ததால் சட்டம் வரவில்லை. சங்கம் வைத்ததால் வந்தது. ஏழ்மைக்குக் காரணம் முன்ஜென்மம் அல்ல என்பதை நாம் அடிபட்டுக் கற்றோம். ஆனால் அதே பாட்டை ஊனத்துக்குப் பாடும்போது நம்மவர்களே தலையாட்டிக் கேட்கிறார்கள்! "என்ன பாவம் பண்ணினாளோ, இப்படி ஒண்ணு பொறந்திருக்கு" என்று குளத்தங்கரையில் பேசுவது யார்? மிராசுதார் வீட்டு அம்மாவா? நம் வீட்டுப் பெண்கள்தான். டீக்கடையில் அதையே பேசுகிற ஆண்களும் நம்மவர்கள்தான்.

சமீபத்தில் எங்கள் ஒன்றியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் பள்ளிக்கூடத்தின் பெயரும் வேண்டாம். ஆறாம் வகுப்பில் ஒரு பெண். பிரசவத்தில் மூச்சுத் திணறியதால் மூளையில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டு, ஒரு காலும் ஒரு கையும் விறைத்திருக்கும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. கணக்கில் வகுப்பிலேயே கெட்டி. புதிதாக வந்த ஆசிரியை நல்லவர், கோபம் தெரியாதவர். பிள்ளைகள் அந்தப் பெண்ணை நடந்து காட்டிக் கேலி செய்வதைப் பார்த்துவிட்டு, எல்லோரையும் எழுப்பி நிறுத்திச் சொன்னார்: "இனிமே யாரும் அவளைக் கிண்டல் பண்ணக் கூடாது. பாவம் அவ."

அன்றோடு "நொண்டி" என்று கூப்பிடுவது நின்றது. பத்து நாளில் அவளுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. "ஏய் பாவம்!" "பாவம் வருது, வழி விடுங்கடா!" தெருவில், தண்ணீர்க் குழாயில், பஸ்ஸில், எங்கும் அதே பெயர்.

அவள் தாய் நடவுக்குப் போகிறவர். ஒரு நாள் சாயங்காலம் கால் சேறுகூடக் கழுவாமல் சங்க ஆபீசுக்கு வந்தார். "அண்ணே, நொண்டின்னு சொன்னா சண்டைக்குப் போயிடுவேன். பாவம்னு சொன்னா என்னன்னு சொல்லி சண்டை போடுறது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. நம் தமிழில் இரக்கத்துக்கும் பாவம், செய்த குற்றத்துக்கும் பாவம், ஒரே சொல். "ஐயோ பாவம்" என்று நாக்கைச் சப்புக் கொட்டுகிறவரும், "போன ஜென்மத்துப் பாவம்" என்று விரலை நீட்டுகிறவரும் கடைசியில் அந்தப் பிள்ளையை ஒரே இடத்தில்தான் உட்கார வைக்கிறார்கள்.

ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று முதலில் பயந்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தோழர், பி.எட்.டில் இதற்கென்று ஒரு பாடம் இருந்தது. படித்தேன், பரீட்சை எழுதினேன், பாஸ் செய்தேன். என்னென்ன ஊனம், என்னென்ன சட்டம், எந்த வருஷம் எந்தக் கமிட்டி, எல்லாம் கேட்டால் இப்போதும் சொல்வேன். ஆனால் ஒரு பையன் எழுந்து, 'அவ கால் ஏன் டீச்சர் அப்படி இருக்கு?' என்று கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை."

அந்த அம்மையாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாராக இல்லை. வாத்தியாரை அடிப்பது சுலபம். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார். அவருக்குச் சொல்லித் தர வேண்டியவர்கள் எட்டாத உயரத்தில் அல்லவா இருக்கிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் குறை இல்லை. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2007-இல் இந்தியா அதை ஏற்றது. எல்லாக் குழந்தைகளுக்கும் சிறு வயதிலிருந்தே மாற்றுத்திறனாளிகளின் உரிமையை மதிக்கும் மனப்பான்மையைக் கல்வியின் மூலம் வளர்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதையொட்டி 2016-இல் பார்லிமெண்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1995-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள்தான், இதில் இருபத்தொன்று. ஒருவரைப் பொது இடத்தில் அவமானப்படுத்த வேண்டுமென்றே இழிவாகப் பேசினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, ஐந்து வருஷம் வரை போகலாம். இது 92-வது பிரிவு.

நமக்கு இங்கே முக்கியமானவை இன்னும் இரண்டு பிரிவுகள். 39-வது பிரிவு, ஊனம் என்ற மனித நிலையைப் பற்றியும் உரிமைகளைப் பற்றியும் பள்ளி, கல்லூரி, தொழிற்பயிற்சி எல்லா மட்டத்திலும் விளக்க வேண்டும் என்கிறது. பாடத்திட்டத்தில் சேர்க்கவும் சொல்கிறது. 47-வது பிரிவு, ஆசிரியர்களுக்கான எல்லாப் படிப்பிலும் ஊனத்தைப் பற்றிய பகுதி இருக்க வேண்டும் என்கிறது. டாக்டர், நர்ஸ், அங்கன்வாடி ஊழியர், எஞ்சினீயருக்கும் அப்படியே. பஞ்சாயத்து மெம்பர், போலீஸ் அதிகாரி, நீதிபதி இவர்களுக்கும் பயிற்சி வேண்டுமாம். (நீதிபதிக்குப் பயிற்சி என்றதும் நம் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது.)

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நடப்பு என்ன? 2014-க்குப் பிறகு பி.எட். படிப்பில் உள்ளடக்கிய பள்ளி என்று ஒரு பாடம் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் அது ஏட்டுச் சுரைக்காயாகவே நிற்கிறது. ஊனமுள்ள குழந்தைகளோடு ஒரு மாதம் பழகாமல், ஊனமுள்ள பெரியவர் ஒருவர் பாடம் நடத்திக் கேட்காமல், பரீட்சைக்கு மட்டும் படித்து வருகிறவரிடம் நாம் என்ன எதிர்பார்ப்பது? வேலைக்கு வந்தபின் நடக்கும் பயிற்சிகளும் பெரும்பாலும் திரையில் படம் ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கி, சாப்பாடு போட்டு அனுப்புவதோடு முடிகின்றன. ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள். புள்ளிவிவரம் ஏற்றுவதற்கே பொழுது போகிறது, பாடம் முடிக்கவே நேரமில்லை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது.

சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். வட்டார வள மையத்திலிருந்து ஒருவர் பல பள்ளிகளுக்கு ஓட வேண்டும். நிரந்தர வேலை கிடையாது, தொகுப்பூதியம். 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொன்ன கணக்கு வேறு: தொடக்க வகுப்புகளில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில், இன்னும் பணியிடங்களை அறிவிக்காத மாநிலங்களை மறுபடியும் கண்டித்துச் சொல்ல வேண்டி வந்தது. இதற்கு நடுவில் 2024-25-இல் ஒன்றிய சர்க்கார், தன் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லி, ஒருங்கிணைந்த கல்வித் திட்டப் பணம் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. சிறப்பாசிரியரின் சம்பளம் அந்தத் திட்டத்திலிருந்துதான் வர வேண்டும். தில்லியில் வீம்பு, இங்கே கால் விறைத்த பிள்ளையின் வகுப்பு காலி!

சிறப்பாசிரியர் வந்தாலும், அவர் அந்த ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளிடம் பேச வேண்டியது வகுப்பு ஆசிரியர்தான்.

என்ன சொல்ல வேண்டும்?

முதலில், கேள்வி கேட்கும் பிள்ளையின் வாயை அடைக்கக் கூடாது. "அதெல்லாம் கேக்கக் கூடாது, உக்காரு" என்றால், ஏதோ வெளியே சொல்லக் கூடாத அசிங்கம் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். காரணத்தைச் சொல்ல வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால், சம்பந்தப்பட்ட பிள்ளையையும் தாய் தகப்பனையும் தனியே கேட்க வேண்டும்: "வகுப்பில் இதைப் பற்றிப் பேசலாமா? எப்படிச் சொன்னால் உனக்குப் பிடிக்கும்?" என்று. ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி, அதன் காலைக் காட்டிப் பாடம் நடத்துவது கண்காட்சி, பாடம் அல்ல.

காரணங்களைச் சொல்ல நம் ஜில்லாவிலேயே பாடம் குவிந்து கிடக்கிறது. கும்பகோணம் என்றாலே யானைக்கால் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசிய காலம் உண்டு. அது யாருடைய சாபம்? சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கொசு, ஒருவர் ரத்தத்திலிருந்து நூல் போன்ற புழுவின் குஞ்சை எடுத்து இன்னொருவர் உடம்பில் சேர்க்கிறது. கொசு வழியாக இந்தப் புழு போகிறது என்பதை 1877-இல் பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் சீனாவில் கண்டுபிடித்தார். ஆக, யானைக்காலுக்குக் காரணம் மூடாத சாக்கடை. சாக்கடை மூடாமல் கிடந்ததற்குக் காரணம் முனிசிபாலிடி. விஞ்ஞான வகுப்பில் இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மாம்பழக் கவிச்சிங்க நாவலருக்கு மூன்று வயதில் பெரியம்மையால் கண் போயிற்று. அந்தக் காலத்தில் அப்படிக் கண் போனவர்கள் எத்தனையோ பேர். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பாவம் செய்பவர்கள் குறைந்துவிட்டார்களா, என்ன? தடுப்பூசி வந்தது! இளம்பிள்ளை வாதமும் அப்படித்தான்: 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் புதிதாக ஒரு பிள்ளைக்கும் அந்தப் பழைய கிருமியால் கால் சூம்பவில்லை. முன்ஜென்மக் கணக்கைச் சொட்டு மருந்தால் அழிக்க முடியுமென்றால் அது என்ன கணக்கு?

கேரளத்தில் காசர்கோடு என்று ஒரு ஜில்லா. அங்கே சர்க்கார் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் 2000-ஆம் ஆண்டு வரை இருபது வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் மருந்து தெளித்தார்கள். அடிவாரக் கிராமங்களில் பிள்ளைகள் பல ஊனங்களோடு பிறந்தன. ஊரார் முதலில் தெய்வக் குற்றம் என்றுதான் பயந்தார்கள். ஜனங்கள் போராடினார்கள்; 2011-இல் சுப்ரீம் கோர்ட் அந்த மருந்துக்குத் தடை போட்டது; 2017-இல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு ஐந்து லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. பூச்சி மருந்து டின்னைத் தோளில் மாட்டுகிற நமக்கு இந்தப் பாடம் பிறருடைய கதை அல்ல.

நம் கும்பகோணத்தையே எடுங்கள். 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் நெருக்கிய பள்ளிகள், கீற்றுக் கூரை, குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். சில குழந்தைகள் முகத்திலும் கையிலும் தீக்காயத் தழும்போடு பிழைத்தார்கள். அந்தக் குழந்தை வேறொரு வகுப்பில் போய் உட்கார்ந்த முதல் நாள், மற்றக் குழந்தைகளிடம் என்ன சொல்வது என்று அந்த வகுப்பு ஆசிரியை எந்தப் புத்தகத்தைப் புரட்டியிருப்பார்? யாரைக் கேட்டிருப்பார்?

இங்கே ஒரு எச்சரிக்கை. நோயைத் தடுக்க வேண்டும், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் சில பிறவிக் குறைகள் வர வாய்ப்பு அதிகம், பிரசவத்தை ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்றெல்லாம் ஆசிரியர் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஊனத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைக் கேட்டு, "நான் பிறந்திருக்கக் கூடாது போலிருக்கிறது" என்று நினைக்கும்படி சொல்லிவிடக் கூடாது. கத்திமுனையில் நடக்கிற காரியம்தான். இதற்குத்தான் பயிற்சி வேண்டும் என்கிறோம்.

காரணத்தைச் சொன்னால் பாதிதான் முடிந்தது. மறுபாதி, தடையைக் காட்டுவது. சோவியத் நாட்டில் லெவ் வைகாட்ஸ்கி என்று ஒரு உளவியல் அறிஞர் இருந்தார் (1896–1934). கோமெல் நகரத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் சொன்னவர். கண் தெரியாததோ காது கேளாததோ மட்டும் ஒரு குழந்தையின் வாழ்வைத் தீர்மானிப்பதில்லை, சுற்றியிருக்கும் சமூகம் அந்தக் குழந்தையை எங்கே வைக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது என்பது அவர் கருத்து. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல முடியுமா? முடியும். ஒரு நூலும் அடிக்கோலும் போதும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. ஒன்றரை அடி உயர வராந்தாவுக்குப் பதினெட்டு அடி. பிள்ளைகளைத் தம் பள்ளிச் சாய்தளத்தை அளக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அது சாய்தளமாக இருக்காது, சறுக்கு மரமாக இருக்கும்! கணக்குப் பாடமும் ஆயிற்று. குறை பிள்ளையின் காலில் இல்லை, காண்டிராக்டர் போட்ட சிமெண்டில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

காது கேளாத பிள்ளை வகுப்பில் இருந்தால், கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேச வேண்டும். இதற்குச் செலவு காலணாகூட இல்லை.

தமிழ் வகுப்புக்கு வருவோம். "நொண்டிச் சாக்கு", "குருட்டு மனப்பாடம்", "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று வாத்தியார்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முன்காலத்தில் நொண்டி நாடகம் என்றே ஒரு இலக்கிய வகை இருந்தது. தாசி வீட்டில் பொருளைத் தொலைத்தவன் குதிரை திருடப் போய் அகப்பட்டுக் கால் வெட்டுப்படுவான்; பிறகு தெய்வ அருளாலோ வள்ளல் தயவாலோ கால் வளரும். திருட்டுக்குத் தண்டனை ஊனம், பக்திக்குப் பரிசு கால்! இதே தமிழில்தான் இரட்டைப் புலவர்களும் இருந்தார்கள். ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. கால் இல்லாதவர் வழி சொல்ல, கண் இல்லாதவர் அவரைச் சுமந்து நடந்தார், ஒருவர் பாதி வெண்பா பாட மற்றவர் முடித்தார் என்று சொல்வார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளைகளையே பேச விட்டால் என்ன?

சொல்லை மாற்றினால் போதுமா என்றும் ஒரு கேள்வி. கலைஞர் ஆட்சிக் காலத்தில் "மாற்றுத்திறனாளி" என்ற சொல் வழக்குக்கு வந்தது. "ஊனமுற்றவன்" என்று அலுவலகத்தில் கத்துவதைவிட மேல்தான்; நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். 2015 டிசம்பரில் பிரதமர் "திவ்யாங்" என்று ஒரு பெயர் சூட்டினார். தெய்வீக அங்கம் என்று அர்த்தமாம். தெய்வம் என்றால் சூடம் காட்டுவார்கள்; சாய்தளம் கட்ட மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, ஹாஜர் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

அதேபோல, ஊனமுள்ள பிள்ளை இரண்டு வரி வாசித்தவுடன் வகுப்பே எழுந்து கை தட்டுவதும் வேண்டாம். மற்றப் பிள்ளை தப்பாக வாசித்தால் திருத்துகிறீர்கள் அல்லவா? இந்தப் பிள்ளையையும் திருத்துங்கள். லூயி பிரெய்லைப் பற்றிச் சொல்லும்போதும் பெரிய மகான் என்று தூக்கி வைக்க வேண்டாம். குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகன். மூன்று வயதில் தகப்பன் பட்டறையில் தோல் குத்தும் ஊசி கண்ணில் பட்டுப் பார்வை போயிற்று. பதினைந்து வயதில் புள்ளி எழுத்தை உருவாக்கினான். அவனுக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. அதனால்தான் முடிந்தது. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுக் கதை சொல்வதால்தான் பிள்ளைகள் எல்லாம் விதி, திறமை என்று நினைக்கிறார்கள்.

யார் பயிற்சி தருவது?

இதற்கு என் பதில்: ஊனத்தோடு வாழ்கிறவர்கள். தஞ்சாவூர் நகரத்திலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்து வெளியேறியவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி அரசு வேலையில் நூற்றுக்கு நான்கு இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. அப்படி வந்த ஆசிரியர்கள் பல பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள். அன்று எழுந்து நின்றவரும் அப்படிப்பட்ட ஒருவர்தானே! பயிற்சி நிறுவனங்களில் இவர்கள் மேடையில் நிற்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் பெஞ்சில் உட்கார வேண்டும். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள். ஆளா இல்லை?

நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். முன்னே சொன்ன ஆசிரியையிடம் நான் ஒரு யோசனை சொன்னேன். கதிரடிக்கும் இயந்திரத்தில் வலது கையை முழங்கைக்குக் கீழே பறிகொடுத்த தோழர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் போகலாமா என்று. தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். பிறகு ஒரு பீரியட் கொடுத்தார். தோழருக்கு மேடைப் பேச்சு வராது. ஸ்டூலில் உட்கார்ந்து, "கேளுங்க புள்ளைங்களா" என்றார். கேட்டார்கள்! வேட்டி எப்படிக் கட்டுவீங்க? ராத்திரி வலிக்குமா? பீடி பத்த வைப்பீங்களா? சைக்கிள் ஓட்டுவீங்களா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வேட்டியை ஒரு கையால் இறுக்கிக் காட்டினார்.

பிறகு ஒரு பையன், "கை எப்படி மாமா போச்சு?" என்றான். அறுவடைக் காலம், இரவு இரண்டு மணி, முந்தின நாளும் தூக்கம் இல்லை, கட்டைத் தள்ளும் இடத்தில் மூடி இல்லை என்றார். இயந்திரக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். "உன் நேரம் சரியில்லைன்னு சொன்னாரு." 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தில் தொழிலாளியின் விரலுக்கெல்லாம் விகிதம் போட்டிருந்தார்கள், கட்டை விரலுக்குச் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14, நடு விரலுக்கு 12, முழுக் கைக்கு 60. அந்தக் கணக்கெல்லாம் இவர் கைக்கு வந்து சேரவில்லை. கால் விறைத்த அந்தப் பெண்தான் கடைசியில் எழுந்தாள்.

"மூடி போட்டிருந்தா கை இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்மா."

அன்றிலிருந்து அவளை "பாவம்" என்று கூப்பிடுவது முழுதாக நின்றுவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. இன்னும் இரண்டு பயல்கள் கூப்பிடுகிறார்கள். ஆனால் இப்போது அவளே திரும்பி நின்று பதில் சொல்கிறாள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை, ஒரு தோழர், ஒரு பீரியட். இது ஜில்லா முழுவதும் நடக்க வேண்டுமானால் சர்க்கார்தான் செய்ய வேண்டும். கேட்பதற்கு நமக்கு இடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். ஊனமுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும் அதில் இடம் வேண்டும். நம்மவர்கள் பலர் அதில் பெயருக்கு இருக்கிறார்கள். கூலி போய்விடும் என்று கூட்டத்துக்குப் போவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு வீட்டில் ஒருவராவது போங்கள். ஆசிரியரை எதிரே நிறுத்திக் கேட்காதீர்கள்; பக்கத்தில் உட்கார்ந்து அவரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். இந்த வருஷம் இந்தப் பள்ளி ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு ஊனத்தைப் பற்றிய பயிற்சி கிடைத்தது, அந்தப் பயிற்சியில் மாற்றுத்திறனாளி ஒருவராவது பாடம் நடத்தினாரா, சிறப்பாசிரியர் மாதத்தில் எத்தனை நாள் வருகிறார், வெளியார் யாராவது பிள்ளைகளிடம் பேச வந்தால் அவர் என்ன பேசப் போகிறார் என்று முன்கூட்டிப் பார்ப்பது யார் பொறுப்பு? இவற்றைக் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நகல் ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். ஒன்றை நம் ஒன்றியச் சங்க ஆபீசில் கொண்டுவந்து கொடுங்கள்.